அம்பும் கண்ணும்: கடற்போரில் ஏவுகணை வகைகளை ஒப்பிடுவது குறித்து

நாளிதழ்களிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் அடிக்கடி ஓர் அட்டவணையைப் பார்க்கிறோம். இடப்பக்கம் ஏவுகணைகளின் பெயர்கள்: ஹார்பூன், எக்ஸோசெட், பிரம்மோஸ், டி.எஃப்-21டி. வலப்பக்கம் வேகம், எட்டும் தூரம், வெடிமுனையின் எடை. எண் பெரிதாக இருந்தால் ஏவுகணையும் பெரிது என்பது அட்டவணையின் உட்பொருள். கிரிக்கெட் வீரர்களின் சராசரியை ஒப்பிடுவதுபோல் நாமும் அதைப் படித்துவிட்டு, எந்த நாட்டுக் கடற்படை வலியது என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம்.

1967 முதல் இன்றுவரை கடலில் உண்மையாக ஏவப்பட்ட ஏவுகணைகளின் வரலாறு இந்த அட்டவணைக்கு ஒத்துப்போகிறதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. ஒத்துப்போகவில்லை என்பது என் முடிவு. ஒவ்வொரு வகை ஏவுகணையும் என்ன செய்யும் என்பதைவிட, ஏவுவதற்கு முன் அது எவ்வளவு தகவலைக் கேட்கிறது என்பதை வைத்து ஒப்பிட்டால்தான் நடந்தவை விளங்குகின்றன. இந்த வாதத்துக்கு எதிரான சான்றுகளும் உண்டு. அவற்றையும் உரிய இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடுவானத்தின் கணக்கு

முதலில் அட்டவணைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். வேகம் வெற்று எண் அல்ல. பூமி உருண்டை என்பதால் கப்பலின் ரேடாருக்கு ஓர் எல்லை உண்டு. ரேடாரின் உயரத்தையும் எதிரே வரும் பொருளின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, இரண்டின் வர்க்கமூலங்களையும் கூட்டி, 4.12ஆல் பெருக்கினால் அந்த எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். கொடிமரத்தில் 25 மீட்டர் உயரத்தில் ரேடார் இருக்கிறது, அலைகளை ஒட்டி 4 மீட்டர் உயரத்தில் ஏவுகணை வருகிறது என்றால் அது தென்படும் தூரம் சுமார் 29 கிலோமீட்டர். எக்ஸோசெட், ஹார்பூன், நெப்டியூன் போன்றவை ஒலியைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் பறப்பவை. கப்பலுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

ஒலியை மிஞ்சும் ஏவுகணை 10 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 700 மீட்டர் வேகத்தில் வந்தால் அவகாசம் 48 விநாடியாகச் சுருங்குகிறது. அதற்குள் அது என்ன என்று இனங்கண்டு, அனுமதி பெற்று, எதிர் ஏவுகணையைச் செலுத்த வேண்டும். முதல் முயற்சி தவறினால் இரண்டாவதற்கு நேரமிருக்காது.

ஆனால் இதே கணக்கு மறுபக்கத்தையும் காட்டுகிறது. கடல்மட்டக் காற்று அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு ஒலியை மிஞ்சிப் போக எரிபொருள் மிக அதிகம் தேவை. எனவே நெடுந்தூரம் போக வேண்டிய அதிவேக ஏவுகணைகள் பயணத்தின் பெரும்பகுதியை உயரத்தில் கழித்துவிட்டு, முடிவில்தான் கீழே இறங்குகின்றன. 14 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் பொருளின் ரேடார் தொடுவானம் 500 கிலோமீட்டருக்கும் அப்பால். மெதுவாக வருவது கடைசி வரை மறைந்து வருகிறது, வேகமாக வருவது பாதிவழி வரை வெளிச்சத்தில் வருகிறது. அட்டவணையில் வேகத்துக்கு ஒரு நிரல் உண்டு. அந்த வேகத்துக்குக் கொடுக்கும் விலைக்கு நிரல் கிடையாது.

2. எய்லாத்தும் கராச்சியும்

1967 அக்டோபர் 21 அன்று இஸ்ரேலின் நாசகாரிக் கப்பலான எய்லாத், எகிப்தின் போர்ட் சயீத் துறைமுகத்துக்கு வெளியே சுற்றிக்கொண்டிருந்தபோது சோவியத் தயாரிப்பான பி-15 ஏவுகணைகளால் மூழ்கடிக்கப்பட்டது. 47 பேர் இறந்தனர். ஏவிய கொமார் வகைப் படகுகள் துறைமுகத்தைவிட்டு வெளியே வரக்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய அந்த முழுநீளப் போர்க்கப்பலை, நூறு டன்னுக்கும் குறைவான படகுகள் வீழ்த்தின என்பது உலகக் கடற்படைகளை உலுக்கியது. பெரிய கப்பல்களின் காலம் முடிந்தது என்று எழுதப்பட்ட கட்டுரைகளுக்குக் கணக்கில்லை.

நான்கு ஆண்டுகளில் அதே ஏவுகணை இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. 1971 டிசம்பர் 4 இரவு நிபாத், நிர்காத், வீர் என்ற மூன்று ஏவுகணைப் படகுகள் கராச்சியை நோக்கிச் சென்றன. இவை சோவியத் நாட்டில் துறைமுகக் காவலுக்கென வடிவமைக்கப்பட்ட ஓசா வகைப் படகுகள்; நெடுந்தூரத் தாக்குதலுக்கு உரியவை அல்ல. கில்தான், கச்சல் என்ற இரு கப்பல்கள் துணை சென்றன. அந்த இரவில் பாகிஸ்தானின் கைபர் என்ற நாசகாரிக் கப்பலும் முகாஃபிஸ் என்ற கண்ணிவாரிக் கப்பலும் மூழ்கின. டிசம்பர் 4 இந்தியக் கடற்படை நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

இந்த வரலாற்றில் பெரும்பாலும் அடிக்குறிப்பாக மட்டுமே இடம்பெறும் ஒரு செய்தி உண்டு. வானில் ஒரு பிரகாசமான ஒளி தம்மை நோக்கி வருவதைக் கைபரில் இருந்தவர்கள் கண்டார்கள். விமானம் என்று எண்ணி விமான எதிர்ப்புப் பீரங்கியால் சுட்டார்கள். முதல் ஏவுகணை தாக்கிய பிறகு அவர்கள் அனுப்பிய அவசரச் செய்தியும், எதிரி விமானம் தாக்கிவிட்டது என்றே சொன்னது. அதில் குறிப்பிட்ட இடமும் தவறு. உயிர்தப்பிக் கடலில் மிதந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க அதனால் நெடுநேரமாயிற்று. தம்மைக் கொன்றது எது என்று அறியாமலேயே ஒரு கப்பல் மூழ்கியது. பி-15 அப்படியொன்றும் நுட்பமான ஆயுதம் அல்ல. கடலை ஒட்டிப் பறக்காமல் நூறு மீட்டருக்கும் மேலே வரும். கண்ணுக்கே தெரியும். தெரிந்தும் என்னவென்று விளங்காததுதான் கைபரின் அழிவு.

நான்கு நாள் கழித்து வினாஷ் என்ற படகு, இரு ஃபிரிகேட்டுகள் துணையுடன் மீண்டும் கராச்சிக்குச் சென்று நான்கு ஏவுகணைகளை ஏவியது. ஒன்று எண்ணெய்க் கிடங்கில் விழுந்தது. கப்பலுக்கென்று செய்த ஏவுகணை கரையிலிருந்த தொட்டியைத் தாக்கியதில் வியப்பில்லை. பி-15இன் தேடுகருவிக்கு இரும்புத் தொட்டியும் இரும்புக் கப்பலும் ஒன்றுதான். இந்தக் குருட்டுத்தனத்துக்கு மீண்டும் வருவோம்.

டிசம்பர் 9 இரவு நிகழ்ந்ததையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. குக்ரி என்ற இந்திய ஃபிரிகேட்டை ஹங்கோர் என்ற பாகிஸ்தானிய நீர்மூழ்கி டார்பிடோவால் மூழ்கடித்தது. 194 பேர் உயிரிழந்தார்கள். ஏவுகணையின் பெருமை பேசும் கட்டுரைகளில் குக்ரி இடம்பெறுவதில்லை.

3. தூரம் தோற்ற இடம்

1973 அக்டோபர் 7 இரவு, சிரியாவின் லடாக்கியா துறைமுகத்துக்கு அருகே ஏவுகணைப் படகுகள் ஒன்றோடொன்று மோதிய முதல் போர் நடந்தது. சிரியாவிடம் பி-15, எட்டும் தூரம் 40 கிலோமீட்டர். இஸ்ரேலிடம் கேப்ரியல், 20 கிலோமீட்டர். அட்டவணைப்படி சிரியா வெல்ல வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரத்தை, அதாவது 40 நாட் வேகத்தில் சுமார் கால் மணி நேரத்தை, இஸ்ரேல் படகுகள் பதிலடி கொடுக்க இயலாமல் கடந்தாக வேண்டும்.

கடந்தன. எய்லாத்தின் அழிவுக்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் இஸ்ரேலியர்கள் அந்த ஏவுகணையின் தேடுகருவியை எப்படி ஏமாற்றுவது என்று கற்றிருந்தார்கள். சாஃப் எனப்படும் உலோகப்பூச்சு இழைகளை வானில் தூவிப் பொய்க் கப்பல்களை உருவாக்கினார்கள். மின்காந்த அலைகளால் ஏவுகணையின் ரேடாரைக் குழப்பினார்கள். சிரியா ஏவியவற்றில் ஒன்றுகூடப் படவில்லை. ஐந்து சிரியக் கப்பல்கள் அழிந்தன. அந்தப் போர் முழுவதும் அரபுத் தரப்பு ஏவிய ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-15களில் எதுவும் இஸ்ரேல் படகுகளைத் தொடவில்லை.

எய்லாத்தையும் கைபரையும் மூழ்கடித்த அதே ஏவுகணைதான் இது. அதன் வேகமோ தூரமோ குறைந்துவிடவில்லை. மாறியது எதிராளி மட்டுமே. 1967இன் முடிவை வைத்து ஓர் ஆயுதத்தை மதிப்பிட்டவர்கள் 1973இல் திகைத்தார்கள்.

4. பார்த்திருக்கக்கூடிய கப்பல்கள்

தாக்குண்ட கப்பல்களை வகைப்படுத்த நல்லதொரு வழி, அமெரிக்கக் கடற்படை முதுநிலைப் பள்ளியில் 1994இல் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டில் கிடைக்கிறது. கடற்போர்த் தந்திரம் பற்றிய எழுத்துகளால் பெயர்பெற்ற கேப்டன் வேன் ஹியூஸ் பணியாற்றிய பள்ளி அது. அதுவரை ஏவப்பட்ட கப்பலெதிர்ப்பு ஏவுகணைகள் அனைத்தையும் தொகுத்து, இலக்குகளை மூன்றாக அந்த ஆய்வேடு பிரித்தது: தற்காப்பே இல்லாத கப்பல்கள், தற்காப்பு இருந்தும் அதைப் பயன்படுத்தாத கப்பல்கள், தற்காப்பில் ஈடுபட்ட கப்பல்கள். முதல் வகையில் ஏறக்குறைய எல்லா ஏவுகணைகளும் பட்டன. மூன்றாம் வகையில் நான்கில் ஒன்றுதான் பட்டது. நம் கவனத்துக்குரியது நடுவகை: மூன்றில் இரண்டு. கருவி இருந்தும் கைக்கு வராததால் உண்டான இழப்பு இது.

அந்த நடுவகைக்கு முகம் கொடுக்கும் பெயர் பிரிட்டன் கப்பலான ஷெஃபீல்டு. 1982 மே 4, ஃபாக்லாந்துப் போர். அர்ஜென்டினாவிடம் விமானத்திலிருந்து ஏவக்கூடிய எக்ஸோசெட் மொத்தமே ஐந்துதான் இருந்தன. பழைய நெப்டியூன் ரோந்து விமானம் ஒன்று பிரிட்டன் கப்பல்கள் இருக்கும் இடத்தைச் சொல்ல, இரு சூப்பர் எட்டண்டார்டு விமானங்கள் ஆளுக்கொரு ஏவுகணையுடன் தாழப் பறந்து வந்தன. கிளாஸ்கோ என்ற கப்பல் அவற்றின் ரேடார் அலையைப் பிடித்து எச்சரிக்கை எழுப்பியது, சாஃப் தூவியது. ஆனால் அதற்கு முந்தைய நாட்களில் பொய் எச்சரிக்கைகள் எத்தனையோ வந்திருந்தன. வான்காப்பை ஒருங்கிணைத்த கப்பலில் இதையும் அவற்றோடு சேர்த்துவிட்டார்கள். ஷெஃபீல்டில் அந்நேரம் செயற்கைக்கோள் தொலைத்தொடர்பு நடந்துகொண்டிருந்ததால் அதன் எச்சரிக்கைக் கருவி செயலற்றிருந்தது. சாஃப் தூவப்படவில்லை. 20 பேர் மடிந்தனர். ஆறு நாள் கழித்து இழுத்துச் செல்லும்போது கப்பல் மூழ்கியது.

அதே போரின் முடிவில், ஜூன் 12 அன்று, கிளமோர்கன் என்ற கப்பலைக் கரையிலிருந்து ஓர் எக்ஸோசெட் தாக்கியது. இழுவண்டியில் ஏற்றிவைத்து ஒட்டுப்போட்டுச் செய்த ஏவுதளம் அது. ஏவுகணை வருவதை ரேடாரில் கண்டு, கப்பலை விரைந்து திருப்பி அதற்குப் பின்புறம் காட்டினார்கள். ஏவுகணை மேல்தளத்தில் சறுக்கி, ஹெலிகாப்டர் கொட்டகையருகே வெடித்தது. உயிரிழப்பு நேர்ந்தது, கப்பல் பிழைத்தது. ஏவுகணைக் குடும்பம் ஒன்று, காலமும் ஒன்று. ஒரு கப்பலுக்குக் கிடைத்த அந்தச் சில விநாடிப் பார்வை மற்றதற்கு வாய்க்கவில்லை.

இதன் பிறகு வந்தவை ஏறக்குறைய மறுபதிப்புகள். 1987 மே 17 அன்று பாரசீக வளைகுடாவில் ஈராக்கிய மிராஜ் விமானம் ஏவிய இரு எக்ஸோசெட்டுகள் அமெரிக்காவின் ஸ்டார்க் கப்பலைத் தாக்கின. 37 பேர் இறந்தனர். கடைசி நிமிடக் காப்பான ஃபாலங்ஸ் துப்பாக்கி தானாகச் சுடும் நிலையில் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஈராக் அன்று எதிரி நாடு அல்ல என்பதும் ஒரு காரணம். 2006 ஜூலை 14 அன்று பெய்ரூட்டுக்கு அருகே இஸ்ரேலின் ஹனித் கப்பலைக் கரையிலிருந்து வந்த ஏவுகணை தாக்கி நால்வர் இறந்தபோது, அதன் தற்காப்பு அமைப்பு அணைக்கப்பட்டிருந்தது. ஹிஸ்புல்லாவிடம் அப்படியோர் ஏவுகணை இருக்காது என்ற நம்பிக்கையே காரணம். 1973இல் எதிராளியின் ஏவுகணையை ஆறு ஆண்டுகள் படித்து வென்ற கடற்படை இது.

ரஷ்யக் கப்பலான மோஸ்க்வாவை எந்த வகையில் வைப்பது? 2022 ஏப்ரல் 13 இரவு இரு நெப்டியூன் ஏவுகணைகளால் அதைத் தாக்கியதாக உக்ரைன் சொன்னது. தீவிபத்தில் வெடிமருந்து வெடித்தது என்றது ரஷ்யா. தாக்குதல் நடந்தது என்பதையே பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். பன்னிரண்டாயிரம் டன் அளவிலான அந்தக் கப்பலில் நெடுந்தூர வான்காப்புக்கு 64 ஏவுகணைகள் இருந்தன. அண்மைக் காப்புக்கு வேறு ஏவுகணைகளும் துப்பாக்கிகளும் இருந்தன. தாக்கியவையோ ஒலிக்குக் குறைந்த வேகத்தில் செல்லும், 150 கிலோ வெடிமுனை கொண்ட சிறிய ஏவுகணைகள். டிரோன்களால் கவனத்தைத் திருப்பினார்கள், ரேடார்கள் பழுதாகியிருந்தன என்றெல்லாம் விளக்கங்கள் வந்தன; இவற்றில் எதையும் உறுதியான சான்றாகக் கொள்ள நான் தயங்குவேன். ஆனால் மோஸ்க்வாவின் சொந்தத் தாக்குகணைகளைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றிப் பேசலாம்.

அதன் இருபுறமும் சாய்ந்து நிற்கும் பதினாறு பெரிய குழாய்களைப் படங்களில் பார்த்திருப்போம். அமெரிக்க விமானந்தாங்கிகளை 500 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில் தாக்குவதற்கானவை அவை. அந்தத் தூரத்தில் விமானந்தாங்கி எங்கே இருக்கிறது என்று யார் சொல்வது? சோவியத் யூனியன் அதற்காகக் கடலை ரேடாரால் துழாவும் செயற்கைக்கோள்களை அனுப்பியது. அவற்றுக்கு மின்சாரம் தர அணு உலைகளையே உள்ளே வைத்தது. அவற்றில் ஒன்றான காஸ்மோஸ் 954, 1978 ஜனவரி 24 அன்று கட்டுப்பாடிழந்து கனடாவின் வடக்கே விழுந்து கதிரியக்கத்தைச் சிதறடித்தது. அணு உலையை வானுக்கு அனுப்பும் அளவுக்குக் கண்ணின் தேவை இருந்தது. சோவியத் யூனியனோடு அந்தக் கண் மங்கிப்போனது. குழாய்கள் மட்டும் கப்பலில் நின்றன. கடைசியில் அந்தக் கப்பல், அது கட்டப்பட்ட நாட்டின் ஏவுகணையாலேயே மூழ்கியது. மோஸ்க்வா உக்ரைனின் மிகோலாயிவ் நகரில் கட்டப்பட்டது.

5. தசரதனின் அம்பு

ஏவுகணைக்குத் தேவையான தகவல் இருவகை. இலக்கு எங்கே என்பது ஒன்று; அது யார் என்பது மற்றொன்று. நீர் மொள்ளும் ஒலியை யானை என்று கருதி அம்பு விட்ட தசரதன் கதை இரண்டாவதைப் பற்றியது. நவீன ஏவுகணையும் கடைசிக் கட்டத்தில் ஒலிகேட்டு எய்த அம்புதான். தன் முன்னால் பெரிதாகத் தெரிவதைப் பற்றிக்கொள்ளும்.

1982 மே 25 அன்று ஏவப்பட்ட எக்ஸோசெட்டுகள் போர்க்கப்பல்களின் சாஃப் மேகத்தால் திசைமாறி, சரக்குக் கப்பலான அட்லாண்டிக் கன்வேயரைப் பிடித்தன. அதிலிருந்த ஹெலிகாப்டர்கள் அழிந்ததால் பிரிட்டன் வீரர்கள் ஃபாக்லாந்து மண்ணில் நடந்தே போக நேர்ந்தது. 2020 மே 10 அன்று ஈரானியக் கடற்படைப் பயிற்சியில் ஓர் ஏவுகணை, இலக்கை விட்டுவிட்டுத் தன் தரப்புத் துணைக்கப்பலான கொனாரக்கைத் தாக்கியது. 19 மாலுமிகள் மடிந்தார்கள். நார்வேயின் என்.எஸ்.எம். போன்ற புதிய ஏவுகணைகள் ரேடாருக்குப் பதிலாக அகச்சிவப்புப் படத்தைக்கொண்டு கப்பலின் உருவத்தை அடையாளம் காண முயல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு பயனும் உண்டு. ரேடார் அலை எதையும் வெளியிடாததால் கப்பலின் எச்சரிக்கைக் கருவி ஒலிக்காது. ஒலியைவிட மெதுவான இந்த ஏவுகணையை அட்டவணைகள் கீழே போடுகின்றன. நான் மேலே வைப்பேன்.

6. கேடயத்தின் இருப்பு

தற்காப்பு ஏவுகணைகளைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ஆனால் அண்மைக் காலத்தில் கடலில் மிகுதியாகச் செலவானவை அவையே. 1991 பிப்ரவரி 25 அன்று ஈராக்கியப் படை கரையிலிருந்து ஏவிய சில்க்வோர்ம் ஏவுகணையை பிரிட்டனின் குளோஸ்டர் கப்பல் சீ டார்ட் ஏவுகணையால் வீழ்த்தியது. போரில் ஒரு கப்பல் ஏவுகணையை ஏவுகணையால் வீழ்த்திய முதல் நிகழ்வு அது. அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் இத்துறைக்குப் பெரும்பாலும் சோதனைக்களமே போதுமாக இருந்தது.

செங்கடல் அதை மாற்றியது. 2023 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் கார்னி கப்பல் ஏமனிலிருந்து வந்த ஏவுகணைகளையும் டிரோன்களையும் பல மணி நேரம் வீழ்த்திக்கொண்டிருந்தது. அடுத்த பதினைந்து மாதங்களில் அமெரிக்கக் கப்பல்கள் எஸ்.எம்-2 வகையில் சுமார் 120, எஸ்.எம்-6 வகையில் சுமார் 80 ஏவுகணைகளைச் செலவிட்டதாக அந்நாட்டுக் கடற்படையே சொன்னது. ஒரு எஸ்.எம்-2இன் விலை ஏறத்தாழ இருபது லட்சம் டாலர். வீழ்த்தப்பட்ட டிரோன்கள் பல அந்த விலையின் சிறு பின்னத்துக்கு வாங்கக்கூடியவை.

விலையை வைத்துச் செய்யப்படும் வாதம் பாதி உண்மைதான். டிரோன் அடிக்கவிருந்த கப்பலின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கடற்படையினர் பதில் சொல்கிறார்கள், அது சரியே. இருப்புதான் மெய்யான சிக்கல். ஒரு நாசகாரிக் கப்பலில் தொண்ணூறு சொச்சம் செங்குத்துக் குழாய்கள். அவற்றுக்குள் தற்காப்பு ஏவுகணைகளும் தாக்குகணைகளும் நீர்மூழ்கியெதிர்ப்புக் கணைகளும் இடம் பிடித்தாக வேண்டும். காலியானவற்றை நடுக்கடலில் நிரப்ப இன்றைக்கு நடைமுறை வழியில்லை. துறைமுகம் போக வேண்டும். கடலில் நிரப்பும் முறையை அமெரிக்கா 2024 அக்டோபரில்தான் வெற்றுக் கூடொன்றை வைத்துச் செய்துபார்த்தது. முன்னேறிய கடற்படையிடமிருந்து கேடயத்தைப் பறிக்க அதை உடைக்க வேண்டியதில்லை, தீர்ந்துபோகச் செய்தால் போதும்.

2024 ஜனவரி இறுதியில் கிரேவ்லி என்ற கப்பலை நோக்கி வந்த குரூஸ் ஏவுகணை ஒன்று வெளி அடுக்குகளைத் தாண்டி ஒரு மைல் தொலைவு வரை வந்துவிட்டது. ஃபாலங்ஸ் துப்பாக்கி சுட்டு வீழ்த்தியது. அந்த வேகத்தில் ஒரு மைல் என்பது சுமார் ஐந்து விநாடி. ஸ்டார்க்கில் சுடாமல் நின்ற துப்பாக்கியின் வழிவந்ததுதான் இது.

வகைகளுக்கிடையிலான வேலியும் இங்கே கரைகிறது. 1988 ஏப்ரல் 18 அன்றே அமெரிக்கக் கப்பல்கள் வான்காப்பு ஏவுகணைகளைக்கொண்டு ஈரானின் ஜோஷன் படகைத் தாக்கின. 2016இல் எஸ்.எம்-6 ஒன்று ஓய்வுபெற்ற ஃபிரிகேட்டைச் சோதனையில் மூழ்கடித்தது. கேடயம், அம்பு என்ற பாகுபாடு நம் வசதிக்கானது.

7. வானிலிருந்து விழுவது

என் வாதத்துக்குக் கடுமையான சவால், கப்பலெதிர்ப்பு பாலிஸ்டிக் ஏவுகணை. சீனாவின் டி.எஃப்-21டி சுமார் 1,500 கிலோமீட்டர் செல்லக்கூடியது; விமானந்தாங்கிக் கொல்லி என்ற பட்டப்பெயர் அதற்கு உண்டு. பலமடங்கு ஒலிவேகத்தில் ஏறக்குறையச் செங்குத்தாக விழுவதை எந்தக் கப்பல் தடுக்கும்? வேகமே தீர்மானிக்கும் ஆயுதம் இதுவல்லவா?

கணக்கிட்டுப் பார்க்கலாம். பறக்கும் நேரம் பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 30 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் அதற்குள் 11 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். ஏவிய கணத்தில் தெரிந்த புள்ளி, வந்திறங்கும் கணத்தில் சுமார் 390 சதுர கிலோமீட்டர் வட்டமாகிவிட்டிருக்கும். செயற்கைக்கோளோ விமானமோ நெடுந்தூர ரேடாரோ இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தால்தான் ஏவுகணைக்குப் பயன். ஏவுகணைகளிலேயே மிகப் பெரிய கண்ணைக் கேட்பது இதுதான்.

இவ்வகை முதன்முதலாகப் போரில் பயன்பட்டது சீனக் கடலில் அல்ல, செங்கடலில். ஏமன் நாட்டு ஹூதிகளின் பாலிஸ்டிக் ஏவுகணைகள் சரக்குக் கப்பல்களைத் தாக்கின. 2024 பிப்ரவரி 18 அன்று அடிபட்ட ரூபிமார் மார்ச் 2இல் மூழ்கியது. மார்ச் 6 அன்று ட்ரூ கான்ஃபிடன்ஸில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். அமெரிக்கப் போர்க்கப்பல் எதையும் இவை தொடவில்லை. போர்க்கப்பலிடம் தற்காப்பு இருந்தது என்பது வெளிப்படையான காரணம். மற்றொன்றும் உண்டு: வணிகக் கப்பல்கள் மோதலைத் தவிர்ப்பதற்காகத் தம் பெயர், இடம், திசை, வேகம் ஆகியவற்றைத் தாமே வானொலியில் அறிவித்தபடி செல்கின்றன, இணையத்தில் எவரும் பார்க்கலாம். கண்ணை இலக்கே இரவல் கொடுத்தது. எனவே செங்கடலை வைத்து டி.எஃப்-21டி வென்றுவிடும் என்றோ தோற்றுவிடும் என்றோ சொல்ல முடியாது.

ட்ரூ கான்ஃபிடன்ஸிலிருந்து 21 பேரை மீட்டது இந்தியாவின் கொல்கத்தா என்ற நாசகாரிக் கப்பல். பதினாறு பிரம்மோஸைச் சுமக்கும் கப்பல் அது. அன்று வேலை செய்தவை அதன் ஹெலிகாப்டரும் படகுகளும்.

8. நகராத இலக்கு

கடலிலிருந்து நிலத்தைத் தாக்கும் ஏவுகணைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்; அவை என் வாதத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிசெய்கின்றன. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கா 288 டோமஹாக்குகளை ஏவியது. 2015 அக்டோபர் 7 அன்று காஸ்பியன் கடலிலிருந்து நான்கு ரஷ்யக் கப்பல்கள் 26 காலிபர் ஏவுகணைகளை, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிரிய இலக்குகளுக்கு அனுப்பின. அவற்றில் மூன்று ஆயிரம் டன் கூட இல்லாத சிறு கப்பல்கள். கட்டடம் நகராது, அதன் ஆயத்தொலைவு நேற்றும் இன்றும் ஒன்றே. அதனால்தான் சிறிய கப்பலுக்கும் அவ்வளவு நீண்ட கை வாய்க்கிறது. அதே காலிபர் குடும்பத்தின் கப்பலெதிர்ப்பு வகையைக் கையிலெடுத்தவுடன் கண்ணின் சிக்கல் திரும்பிவிடும்.

9. பிரம்மோஸும் அரக்கோணமும்

பிரம்மோஸுக்காக இந்தியாவும் ரஷ்யாவும் 1998 பிப்ரவரியில் மாஸ்கோவில் செய்துகொண்ட உடன்பாட்டில் இந்தியத் தரப்பில் ஒப்பமிட்டவர் அப்துல் கலாம். கூட்டு நிறுவனத்தை உருவாக்கி நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த சிவதாணுப் பிள்ளை. 2001 ஜூன் 12 அன்று முதல் சோதனை. ஒலியைப்போல் 2.8 மடங்கு வேகம். தொடக்கத்தில் 290 கிலோமீட்டர் தூரம். 2016இல் இந்தியா ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்தபின் தூரம் நீட்டப்பட்டது. 2024 ஏப்ரலில் பிலிப்பைன்ஸுக்கு முதல் தொகுதி சென்றது. நம் ஊர்க்காரர்கள் பங்கேற்ற சாதனை என்ற பெருமிதம் எனக்கும் உண்டு.

பெருமிதத்தை ஒதுக்கிவைத்து, தொடக்கத்தில் சொன்ன கணக்கை இங்கே போடுகிறேன். ஏவும் கப்பலின் ரேடார் 25 மீட்டரில், எதிரிக் கப்பலின் மேற்கட்டு 15 மீட்டரில் என்றால் ஒன்றையொன்று காணும் தூரம் 37 கிலோமீட்டர்கூட இல்லை. 290 கிலோமீட்டரில் மீதி 250 கிலோமீட்டருக்கும் மேலான தூரத்தை அந்தக் கப்பல் பார்க்காது. வேறெவராவது பார்த்துச் சொல்ல வேண்டும். 1,500 மீட்டரில் பறக்கும் ஹெலிகாப்டர் சுமார் 175 கிலோமீட்டர் பார்க்கும். 9,000 மீட்டரில் பறக்கும் பி-8ஐ ரோந்து விமானம் 400 கிலோமீட்டர் பார்க்கும். அந்த விமானத்தில்தான் பிரம்மோஸின் முழு நீளமும் அடங்கியிருக்கிறது.

பிரம்மோஸின் வேகத்துக்குப் பயன் இல்லையா? உண்டு, ஆனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணத்துக்காக மட்டுமல்ல. 280 கிலோமீட்டரைக் கடக்க மெதுவான ஏவுகணைக்குப் பதினைந்து நிமிடம். அதற்குள் இலக்கு 14 கிலோமீட்டர் நகரும். பிரம்மோஸ் ஐந்தாறு நிமிடத்தில் போய்விடும். இலக்கு ஐந்து கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்கும். கண் கொடுத்த செய்தி பழையதாவதற்குள் போய்ச் சேர்வது வேகத்தின் உண்மையான மதிப்பு. கண் கொடுத்த செய்தியே இல்லையென்றால் அந்த மதிப்பும் இல்லை.

இந்தியக் கடற்படையிடம் பி-8ஐ விமானங்கள் மொத்தம் பன்னிரண்டு. 2013இல் தொடங்கி முதலில் வந்திறங்கிய எட்டும் அரக்கோணத்தில் உள்ள ராஜாளி தளத்தைச் சேர்ந்தவை. மற்ற நான்கு கோவாவில். அரபிக்கடல், வங்கக்கடல், அவற்றுக்குத் தெற்கே விரியும் பெருங்கடல் எல்லாவற்றுக்கும் இந்தப் பன்னிரண்டுதான். செயற்கைக்கோள்களும் டிரோன்களும் துணைக்கு உண்டு என்றாலும், ஏவுகணைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் கண்களின் எண்ணிக்கை போதாது என்றே நான் கருதுகிறேன். அடுத்த முறை ஏவுகணை ஒப்பீட்டு அட்டவணையை அச்சிடும் இதழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வேகத்துக்கும் தூரத்துக்கும் பக்கத்தில் இன்னொரு நிரல் சேருங்கள். இலக்கைக் காட்டித் தருவது எது, அது எத்தனை இருக்கிறது என்பதை அதில் எழுதுங்கள்.